திருவையாற்றில் ஓர் இசை விருந்து

குடும்பத்தோடு கச்சேரிக்குச் செல்ல விழைவோரை நுழைவுச் சீட்டின் விலை தயங்கச் செய்கிறது. அத்தயக்கத்துக்கு இடமில்லாத தலம் திருவையாறு.

தஞ்சாவூருக்கு அருகே, காவிரிக் கரையில் ஸ்ரீதியாகராஜ சுவாமிகளின் சமாதி அமைந்துள்ளது. அவர் 1847-ஆம் ஆண்டு புஷ்ய பகுள பஞ்சமியன்று சித்தியடைந்தார். ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜனவரியில் வரும் அத்திதியன்று காலை, நூற்றுக்கணக்கான இசைவாணர்கள் ஒருங்கே அமர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகப் பஞ்சரத்தினங்களைப் பாடுவர். அதற்கு முந்தைய சில நாள்களிலும் கச்சேரிகள் உண்டு. கேட்பதற்குக் கட்டணமில்லை.

அரசவையின் அழைப்பை மறுத்து, உஞ்சவிருத்தியால் வாழ்ந்தவர் சுவாமிகள். தம் செல்வத்தைச் செலவிட்டு அவருக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அந்தச் சந்நிதியில் பாட இடம் மறுக்கப்பட்டிருந்த பெண்களுக்கு வழி திறந்தவரும் அவரே.

விரிப்பு, குடிநீர், கட்டுச்சாதம் ஆகியவற்றுடன் விடியற்காலையிலேயே சென்றால் முன்வரிசையில் தரையில் அமரலாம். பாட்டு முடிந்தபின் ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் தரிசிக்கலாம். பேருந்துச் செலவு ஒன்றே செலவு. பிள்ளைகளின் செவியில் நல்லிசை முதன்முதலாக விழுவதற்கு இதைவிடச் சிறந்த இடம் ஏது?