வேலூர்க் குழந்தைகள் காட்டிய உண்மை

ஒரு நாட்டுக் குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்யும் தடுப்பு மருந்து, இன்னொரு நாட்டுக் குழந்தைகளிடமும் அதே அளவுக்கு வேலை செய்யுமா? "மருந்து மருந்துதானே" என்று நம்மில் பலர் சொல்லக்கூடும். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை எடுத்துக் காட்டிய ஆய்வாளர்களுள் ஒருவர் டாக்டர் ககன்தீப் காங்.

1962இல் பிறந்த இவர், தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று 1987இல் மருத்துவரானார். அங்கேயே நுண்ணுயிரியலில் மேற்படிப்பும் முனைவர் பட்டமும் பெற்றார். அவர் தேர்ந்தெடுத்த துறை, குழந்தைகளின் குடலைத் தாக்கும் தொற்றுகள்.

அவற்றுள் முக்கியமானது ரோட்டா கிருமி. 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ரூத் பிஷப் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். சக்கரம் போன்ற தோற்றத்தால் வந்த பெயர் இது. வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறி, சிறு குழந்தை விரைவில் துவண்டுவிடும். 2011 முதல் 2013 வரையிலான காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகள் இதனால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது.

மெக்சிகோவில் முன்பு நடந்த ஓர் ஆய்வில், இரண்டு முறை இக்கிருமி தொற்றிய குழந்தைகளுக்குப் பிறகு கடுமையான நோய் வரவில்லை. இந்தியாவிலும் அப்படித்தானா? வேலூரின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் காங் குழுவினர் தொடர்ந்து கவனித்தனர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலப் பரிசோதனை செய்தனர். முடிவு 2011இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள்ளேயே 56 விழுக்காட்டுக் குழந்தைகளைக் கிருமி தொற்றியிருந்தது. மூன்று முறை தொற்றிய பிறகும், ஓரளவு கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடுதான்.

இயற்கையான தொற்றே முழுப் பாதுகாப்புத் தரவில்லை என்றால், அதைப் பின்பற்றி உருவாக்கப்படும் சொட்டு மருந்து மட்டும் எப்படித் தரும்? அப்படியானால் அது வீணா? இல்லை. டெல்லியில் கண்டெடுக்கப்பட்ட கிருமி வகையிலிருந்து உருவான ரோட்டாவாக் சொட்டு மருந்து, டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. முதல் வயதில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அது சுமார் 56 விழுக்காடு குறைத்தது. பணக்கார நாடுகளின் கணக்கோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால், நோய் மிகுந்த நாட்டில் பாதியைத் தடுத்தாலே ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைக்கும். 2016இல் இந்தியா இதைத் தன் தடுப்பு மருந்துத் திட்டத்தில் சேர்த்தது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தர ஒப்புதலும் கிடைத்தது.

2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகக் காங் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பணிபுரியும் பெண் விஞ்ஞானிகளில் இச்சிறப்பைப் பெற்ற முதல்வர் அவரே.

பெற்றோர்கள் இதிலிருந்து அறிய வேண்டியது என்ன? கிருமி மிக இளம் வயதிலேயே வந்துவிடுகிறது. ஆகவே, சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லும் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. மருந்து கொடுத்த பிறகும் வயிற்றுப்போக்கு வந்தால், தாய்ப்பாலை நிறுத்தாமல் ஓஆர்எஸ் உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கண் குழிந்து, நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்து கிடந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.