தின்றதெல்லாம் சத்தாகுமா?



போன ஆடி மாசம் ஒரு திங்கட்கிழமை, பிரேயரில் உறுதிமொழி சொல்லிக்கிட்டு இருக்கும்போது ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது நான்தான். "பேய் அடிச்சிருச்சு"ன்னு கூட சில பேர் சொன்னாங்க. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அன்னைக்குக் காலையில நான் சாப்பிட்டது ஒரு டம்ளர் டீ, ரெண்டு பிஸ்கட். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஹீமோகுளோபின் 9.6 இருந்தது. என் வயசுப் பிள்ளைக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். "மதியம் என்ன சாப்பிடுவே?"ன்னு கேட்டாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் சத்துணவு சாப்பிட்டேன். ஒன்பதாம் வகுப்பு வந்ததும், "இன்னுமா தட்டைத் தூக்கிக்கிட்டுப் போறே?"ன்னு பிள்ளைங்க கேலி பண்ணினதால வரிசையில் நிற்கிறதை விட்டுட்டேன். வீட்டில் அம்மா காலை 6 மணிக்கே வேலைக்குப் போயிருவாங்க. டிபன் கட்ட ஆள் கிடையாது.

டாக்டரம்மா திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னாங்க: "சாப்பிடுறது ஒண்ணு, அது உடம்புல சேர்றது வேற ஒண்ணு. ரெண்டுமே நடக்கணும் பாப்பா." அதற்கப்புறம்தான் அறிவியல் புத்தகத்தில் செரிமான மண்டலம் பாடத்தை மார்க்குக்காக இல்லாமல் எனக்காகப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. வாய்: பாதி வேலை இங்கேயே

வாயில் தொடங்கி மலவாய் வரைக்கும் நம் உடம்புக்குள் இருப்பது ஒரே குழாய்தான். அதை நீட்டிப் பிடித்தால் சுமார் 9 மீட்டர் வருமாம். அந்தக் குழாயின் வாசல் வாய்.

பற்கள் சோற்றை அரைக்கின்றன. உமிழ்நீர் அதை நனைக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 1 முதல் 1½ லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, சோற்றில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க ஆரம்பிக்கும். சந்தேகமா இருந்தா ஒரு வாய் வெறும் சோற்றை ரெண்டு நிமிஷம் மென்று பாருங்க. லேசா இனிக்கும்!

நாம் செய்யும் தப்பு: கிரவுண்டுக்கு ஓடுற அவசரத்தில் நாலே வாயில் விழுங்குவது. இரைப்பைக்குப் பல் கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

2. இரைப்பை: மாவாட்டும் பை

விழுங்கிய உணவு சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழலில் தானாக விழுவதில்லை. குழலின் தசைகள் அலை அலையாகச் சுருங்கி அதைத் தள்ளுகின்றன. இரைப்பையில் உணவு சுமார் 2 முதல் 4 மணி நேரம் இருக்கும். எண்ணெய்ப் பலகாரம் என்றால் இன்னும் கூட நேரம் ஆகும். அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிருமிகளைக் கொல்லும். பெப்சின் என்ற நொதி முட்டை, பருப்பு இவற்றில் உள்ள புரதத்தை உடைக்கத் தொடங்கும். இவ்வளவு அமிலம் இருந்தும் இரைப்பை ஏன் அரிக்கப்படுவதில்லை? உள்சுவரில் வழவழப்பான ஒரு சளிப்படலம் பூசினாற்போல் இருந்து அதைக் காப்பாற்றுகிறது.

உங்களுக்குத் தெரியுமா?
1822-ல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் வயிற்றில் துப்பாக்கி குண்டு பட்டது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவே இல்லை! வைத்தியம் பார்த்த டாக்டர் வில்லியம் பியூமாண்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே விட்டு, எவ்வளவு நேரத்தில் எது கரைகிறது என்று பார்த்தார். 1833-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். இரைப்பை வெறுமனே அரைப்பதில்லை, அங்கே ரசாயன வேலையும் நடக்கிறது என்பது அதனால் தெளிவானது.

3. சிறுகுடல்: சத்து சேரும் இடம்

என் கதையில் முக்கியமான இடம் இதுதான். பெயர்தான் சிறுகுடல், நீளமோ சுமார் 6 மீட்டர். குறுகலாக இருப்பதால் அந்தப் பெயர்.

இங்கே இரண்டு பேர் உதவிக்கு வருகிறார்கள். கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் சேர்ந்திருக்கும் பித்தநீர், எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியாக்கும். எண்ணெய்ப் பிசுக்குத் தட்டை சோப்பு போட்டுக் கழுவுகிறோமே, அது மாதிரி. கணையநீரில் உள்ள நொதிகள் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கும். கடைசியில் சோறு குளுக்கோஸாகவும், முட்டை அமினோ அமிலமாகவும், எண்ணெய் கொழுப்பு அமிலமாகவும் மாறிவிடும்.

சிறுகுடலின் உள்சுவர் டர்க்கி டவல் மாதிரி இருக்கும். அதில் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 1 மில்லிமீட்டர் உயரம்தான். குடலின் பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். 2014-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் அளந்து பார்த்து, செரிமானப் பாதை முழுவதும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். அதாவது ஒரு சின்ன வகுப்பறையின் தரை அளவு. அதுவும் நம்ம வயிற்றுக்குள்ளே மடிந்து கிடக்கிறது என்றால் ஆச்சரியம்தானே!

ரத்தத்துக்குத் தேவையான இரும்புச்சத்தும் பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அங்கே நாம் செய்யும் தப்புகள் மூன்று.

அ) சாப்பிட்டவுடனே டீ குடிப்பது. டீயில் உள்ள டானின் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலால் அதை உறிஞ்ச முடியாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாறாக எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி இவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் போதும்.

ஆ) செருப்பு இல்லாமல் கொல்லைக்குப் போவது. அசுத்தமான மண்ணில் உள்ள கொக்கிப்புழுவின் இளம்புழு, உள்ளங்கால் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய், கடைசியில் சிறுகுடலில் குடியேறி ரத்தத்தை உறிஞ்சும். நாம் சாப்பிடுவது நமக்கு இல்லாமல் அதற்குப் போகும். அதற்காகத்தான் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள்.

இ) வாரம் ஒரு நாள் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியாக எறிவது. (நானும் எறிஞ்சிருக்கேன். டீச்சர் மன்னிக்கணும்.) வெறும் வயிற்றில் போட்டால்தான் குமட்டும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் அவ்வளவாகக் குமட்டாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டியதில்லை.

4. பெருங்குடல்: தண்ணீரைச் சேமிக்கும் இடம்

பெருங்குடல் சுமார் 1½ மீட்டர் நீளம். இது மிச்சமுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல பாக்டீரியாக்கள் இங்கே கோடி கோடியாக வாழ்கின்றன. அவற்றுக்கு உணவு நார்ச்சத்து. காயையும் கீரையையும் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கி வைக்கிறோமே, அதைத்தான் அவை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. நாரும் தண்ணீரும் குறைந்தால் மலச்சிக்கல்தான். பெண் பிள்ளைகள் பலர் பாத்ரூம் போக யோசித்துக்கொண்டே தண்ணீர் குடிப்பதில்லை. அதுவும் கெடுதல்.

5. அந்தத் தட்டு எப்படி வந்தது?

நான் வெட்கப்பட்ட அந்தத் தட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1920-ல் நீதிக்கட்சித் தலைவர் சர் பி. தியாகராயர் காலத்தில், சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1956-ல் முதலமைச்சர் காமராஜர் அதை மாநிலத் திட்டமாக்கினார். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அவருக்குத் தெரியும். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை நம்ம பக்கத்து மாவட்டமான திருச்சியில் பாப்பாக்குறிச்சி என்ற ஊரில் தொடங்கி வைத்தார். 1984-ல் அது பத்தாம் வகுப்பு வரைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதாவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பசிக்கும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள்! கலைஞர் ஆட்சியில் 1989-ல் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்தில் 5 நாளும் முட்டை கிடைக்கிறது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்துவிட்டது.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. நூறு வருஷமா எத்தனையோ பேர் யோசித்து நம் தட்டில் வைத்ததை, "அய்யே"ன்னு சொல்லித் தள்ளி விடலாமா?

வீட்டுச் சாப்பாட்டுக்கும் நம்ம மாவட்டத்தில் குறையே இல்லை. ஆலங்குடிப் பக்கத்துக் கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம். வம்பனில் பயறு வகைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே உளுந்து ரகங்களும் உருவாக்கப்பட்டுள்ளன. கேப்பையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. முருங்கைக்கீரைக்குக் காசே கிடையாது, கொல்லையில் ஒரு கொப்பை ஒடித்தால் போதும்.

6. நான் இப்போது செய்வது

* காலையில் பழைய சோறாவது, ஒரு டம்ளர் கேப்பைக் கூழாவது குடிக்காமல் பள்ளிக்கு வருவதில்லை. ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்குள் 13 மணி நேரம் ஆகிவிடுகிறதே!
* மதியம் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறேன்.
* முட்டையையும் காயையும் மிச்சம் வைப்பதில்லை.
* சாயங்காலம் டீ உண்டு, ஆனால் சாப்பாட்டோடு கிடையாது.
* சோப்பு போட்டுக் கை கழுவுகிறேன், செருப்பு போடுகிறேன்.

ஐப்பசி மாசம் திரும்ப ரத்தப் பரிசோதனை செய்தேன். 11.3. இன்னும் 12 ஆகவில்லை, ஆனால் பிரேயரில் கண் இருட்டுவது நின்றுவிட்டது. கணக்குப் பீரியடில் தூக்கமும் குறைந்திருக்கிறது. (கணக்கு சார் இதை நம்புவாரா தெரியலை!)

நம்ம புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், பெண்கள் படிக்கவே தடை இருந்த காலத்தில் படித்து 1912-ல் டாக்டர் ஆனார். அவர் பிறந்த மண்ணில், கேலிக்குப் பயந்து ஒரு பிள்ளை பட்டினி கிடக்கலாமா? தட்டோடு வரிசையில் நிற்கிற யாரையும் இனி கேலி செய்யாதீங்க. முடிந்தால் பக்கத்தில் வந்து நில்லுங்க. நான் அங்கேதான் இருப்பேன்.



— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி