அல்சருக்குக் காரமா காரணம்?

வயிறு எரிந்தால் உடனே காரத்தையும் பிரியாணியையும் குறை சொல்கிறோம். வலி மாத்திரைகளாலும் இரைப்பைப் புண் வரும்; ஆனால் பலருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி.

இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். இதுவோ யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. திருகுபோல் சுருண்ட உடல். ஒரு முனையில் வால் போன்ற இழைகள். அவற்றைச் சுழற்றி, இரைப்பைச் சுவரை மூடியுள்ள வழுவழுப்பான படலத்துக்குள் நீந்திப்போய், அமிலம் குறைந்த அடிப்பகுதியில் வருடக்கணக்கில் தங்கிவிடும். சிலருக்கு அங்கே புண்ணாகிறது.

1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் இக்கிருமியைத் தாமே குடித்துப் பார்த்தார். சில நாட்களில் இரைப்பை அழற்சி வந்தது! 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலும் சிறுவயதில், வீட்டாரிடமிருந்தே தொற்றுகிறது. மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருத்துவர் தரும் ஆண்டிபயாடிக் மாத்திரைகளைப் பெரும்பாலும் 14 நாட்கள் சாப்பிட வேண்டும். நாலாம் நாள் எரிச்சல் அடங்கியதும் நம்மவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சிய கிருமி அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.