படம் எடுத்தாயிற்று, எங்கே வைப்பது?

ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம் என்பது கணக்கு. டிஜிட்டல் கேமராவில் அதே கணக்கு எம்பியிலும் ஜிபியிலும் ஓடுகிறது. 24 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் ஒரு ஜேபெக் படம் சுமார் 10 எம்பி. சென்சாரில் பதிந்த விவரம் முழுவதையும் வைத்திருக்கும் ரா கோப்பு 25 முதல் 30 எம்பி. 45 மெகாபிக்சல் கேமராக்களில் ஒரு ரா கோப்பே 50 எம்பியைத் தொட்டுவிடும். வீடியோவின் பசி இன்னும் பெரிது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ நிமிடத்துக்கு 750 எம்பியும் மணிக்கு 45 ஜிபியும் விழுங்கும்.

எட்டு நாள் லடாக் பயணம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆர்வமுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 500 படம் எடுப்பது அங்கே சாதாரணம். ரா கோப்புகள் 14 ஜிபி, கூடவே ஜேபெக் 5 ஜிபி, இருபது நிமிட வீடியோ 15 ஜிபி என்று ஒரு நாளுக்கே 34 ஜிபி ஆகிறது. எட்டு நாளில் 270 ஜிபியைத் தாண்டும். கிளம்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் பயணத்தின் நடுவில் பழைய படங்களை அழித்து இடம் தேட வேண்டியதில்லை.

இன்றைக்கு இடம் பெரிய சிக்கல் அல்ல. இந்த 270 ஜிபியை இரண்டு மூன்று மெமரி கார்டுகளில் அடக்கிவிடலாம். ஆனால் கார்டு தொலையலாம், கேமரா பை திருடு போகலாம், நேற்றுவரை நன்றாக வேலை செய்த கார்டு இன்று காலை திறக்க மறுக்கலாம். ஒரு படம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கும்வரை அது பத்திரமாக இல்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் தம் நூலின் வழியே பரப்பிய 3-2-1 விதி இதைத்தான் சொல்கிறது. மூன்று பிரதிகள் வேண்டும், அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். பயணத்தில் மூன்றையும் கடைப்பிடிப்பது கடினம். இரண்டு பிரதிகள், அவையும் வெவ்வேறு பைகளில் என்பதையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது. எந்தச் சாதனத்தை வாங்குவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

முதல் சேமிப்பிடம் கேமராவுக்குள் இருக்கும் கார்டு. சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் 1999இல் சேர்ந்து அறிவித்த எஸ்டி கார்டே இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. விலை உயர்ந்த மாடல்களில் அதைவிடப் பல மடங்கு வேகமான சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டு வந்துவிட்டது. எஸ்டி கார்டு வாங்கும்போது அதன் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணில் மயங்கிவிடக் கூடாது. அது பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோ தடையின்றிப் பதிவாக எழுதும் வேகமே முக்கியம். அதைச் சொல்வது கார்டின் ஓரத்தில் சிறிதாக இருக்கும் வி30, வி60, வி90 என்னும் குறிகள். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று உறுதி. சாதாரண 4கே வீடியோவுக்கு அது போதும்.

போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய உண்டு. 32 ஜிபி மட்டுமே கொள்ளும் கார்டு, 256 ஜிபி என்று கேமராவிடமும் கணினியிடமும் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். முதல் சில நாள் படங்கள் சரியாகப் பதியும். உண்மையான கொள்ளளவைத் தாண்டிய பிறகு எடுத்தவை வெறும் பெயர்களாகத்தான் இருக்கும், திறந்தால் ஒன்றும் வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதையும் நிரப்பித் திரும்பப் படித்து இந்த ஏமாற்றைக் காட்டிக்கொடுக்கும். புதிதாக வாங்கிய எந்தக் கார்டையும் வீட்டிலேயே ஒரு முறை இப்படிச் சோதித்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும்.

512 ஜிபி கார்டு ஒன்று போதுமா, சிறிய கார்டுகள் பல வேண்டுமா என்பதில் ஒளிப்படக்காரர்களிடையே பழைய வாதம் ஒன்று உண்டு. பயணத்துக்குச் சிறிய கார்டுகளே நல்லது. ஒன்று பழுதானால் ஓரிரு நாள் படங்களோடு போகும், மொத்தப் பயணமும் போகாது. அதற்காக 16 ஜிபி கார்டுகளைப் பத்துப் பதினைந்து என்று சுமந்தால் அவற்றில் ஒன்றைத் தொலைப்பது எளிது. 64 அல்லது 128 ஜிபியில் நான்கைந்து வைத்துக்கொள்வது நடுவான வழி. ஜேபெக் மட்டும் எடுப்பவரும் ஒரு வாரம் மட்டும் ஊர் சுற்றுபவரும் வழியில் எந்தக் கார்டையும் அழிக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அதைவிட எளிய முறை வேறில்லை.

கேமராவில் இரண்டு கார்டு துளைகள் இருந்தால் வேலை பாதி முடிந்தது. அமைப்புகளில் 'பேக்கப்' என்பதைத் தேர்ந்துவிட்டால் ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும். பல கேமராக்கள் கடையிலிருந்து வரும்போது, முதல் கார்டு நிறைந்த பிறகு இரண்டாவதற்குப் போகும்படி அமைந்திருக்கும். அதை மாற்றாமல் விட்டால் பிரதி எதுவும் இருக்காது. பேக்கப்பிலும் ஒரு குறை உண்டு. இரண்டு பிரதிகளும் ஒரே கேமராவுக்குள் இருப்பதால் கேமரா திருடு போனால் இரண்டும் போகும். இரவில் ஒரு கார்டை எடுத்து வேறு பையில் வைப்பதுதான் இதற்கு மருந்து.

கார்டுக்கு அடுத்த நிலையில் இருப்பவை ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும். கையடக்க ஹார்ட் டிஸ்க் விலையில் மலிவு, கொள்ளளவில் பெரிது. பயணத்துக்கு அது ஏன் ஒத்துவராது என்பதை லடாக்கில் தெளிவாகப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின் மேல், படித்து எழுதும் முனை ஒன்று சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தட்டைத் தொடாதபடி அதைத் தூக்கிப் பிடிப்பது, தட்டு சுழலும்போது உண்டாகும் மெல்லிய காற்றுப் படலம்தான். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, முனை தாழ்கிறது. தட்டில் உரசிவிட்டால் அங்கே எழுதியிருந்தது போயிற்று. அதனால்தான் பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளின் விவரத்தாளில், ஓடும் நிலையில் அதிகபட்ச உயரம் 3,048 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கிறது. பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கு மேல். அங்கே விடுதி அறையில் ஹார்ட் டிஸ்க்கை இயக்குவது, அதைச் செய்தவர்களே சொன்ன எல்லையை மீறுவதாகும். சில நேரம் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் திரும்ப எடுக்க முடியாத படங்களை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையைச் செய்து பார்க்கத் தேவையில்லை. சமவெளியிலும் அதிர்ச்சிதான் ஹார்ட் டிஸ்க்குக்கு எதிரி. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் தப்பாது.

எஸ்எஸ்டியில் சுழலும் உறுப்பு எதுவும் கிடையாது. மெமரி கார்டில் இருக்கும் அதே வகை ஃபிளாஷ் சில்லுகள்தான் அதிலும் இருப்பதால் உயரமோ குலுக்கலோ அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, நூறு கிராமுக்கும் குறைவான எடையில் ஒரு டிபி, இரண்டு டிபி எஸ்எஸ்டிகள் கிடைக்கின்றன. தூசியும் தண்ணீரும் புகாதவையும் உண்டு. நொடிக்கு 1,000 எம்பி, 2,000 எம்பி என்ற விளம்பர வேகத்துக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சாதாரண எஸ்டி கார்டிலிருந்து நொடிக்கு 90 எம்பி அளவில்தான் படங்கள் வெளியே வரும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும், நிறைந்த 64 ஜிபி கார்டைப் படியெடுக்க ஏறத்தாழ 12 நிமிடம் ஆகவே செய்யும்.

கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்குப் படங்களைக் கொண்டு போவது யார்? ஒரு காலத்தில் இதற்கென்றே தனிச் சாதனங்கள் இருந்தன. 2004இல் வந்த எப்சன் பி-2000 அவற்றில் புகழ்பெற்றது. 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், படம் பார்க்க 3.8 அங்குலத் திரை, கார்டு செருகும் துளை எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. பின்னாளில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வயர்லெஸ், நார்பாக்ஸ் போன்றவை வந்தன. கார்டைச் செருகினால் தானாகவே படியெடுத்துக்கொள்ளும் வசதி இவற்றின் பெருமை. லேப்டாப் சுமப்பவருக்கு இவை தேவைப்பட்டதில்லை. மற்றவர்களுக்கும் தேவையில்லாமல் செய்துவிட்டது கைபேசி.

யுஎஸ்பி சி துளை உள்ள ஆண்ட்ராய்டு கைபேசிகளும், ஐபோன் 15 முதலான மாடல்களும் கார்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் நடுவே பாலமாக இருக்க முடியும். இதற்கு எஸ்டி துளை, யுஎஸ்பி துளை, சார்ஜர் துளை மூன்றும் உள்ள ஒரு சிறிய ஹப் வேண்டும். கைபேசியில் ஹப்பைச் செருகி, கார்டையும் எஸ்எஸ்டியையும் இணைத்து, சார்ஜரையும் மாட்டிவிட வேண்டும். கைபேசி ஒன்றே எஸ்எஸ்டிக்கும் மின்சாரம் தர வேண்டியிருந்தால் இணைப்பு நடுவில் அறுந்துபோகக் கூடும். கோப்புகளுக்கான செயலியைத் திறந்து எஸ்எஸ்டியில் அன்றைய தேதியில் ஒரு கோப்புறை உருவாக்கி, கார்டில் படங்கள் இருக்கும் டிசிஐஎம் கோப்புறையை அதற்குள் 'காப்பி' செய்ய வேண்டும். 'மூவ்' என்பதைத் தொடவே கூடாது. 'மூவ்' செய்தால் கார்டில் இருந்தது போய்விடும், மீண்டும் ஒரே பிரதிதான் மிஞ்சும். படியெடுக்கும்போது கைபேசியில் வேறு எதையும் திறக்காமல் இருப்பது நல்லது. முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, முதலிலும் நடுவிலும் கடைசியிலும் சில படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டு நிமிட வேலையைத்தான் களைப்பில் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இதில் இரண்டு தடைகள் வரலாம். எஸ்எஸ்டி விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் பல கைபேசிகள் அதைக் கண்டுகொள்ளாது. வீட்டிலேயே எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அது கணினி, கைபேசி இரண்டுக்கும் பொது. இன்னொன்று வேகம். துளை யுஎஸ்பி சி வடிவில் இருந்தாலும், ஐபோன் 15இன் சாதாரண மாடல் உட்படப் பல கைபேசிகளில் உள்ளே இருப்பது பழைய யுஎஸ்பி 2 தான். அவற்றில் 12 நிமிட வேலைக்கு அரை மணி நேரத்துக்கு மேலேயே பிடிக்கும். கிளம்புமுன் வீட்டில் ஒரு முறை செய்து பார்த்துவிட்டால் இரண்டும் தெரிந்துவிடும்.

இணைய மேகத்தில் ஏற்றிவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை என்று நினைப்பவர்கள் பதிவேற்ற வேகத்தைப் பார்க்க வேண்டும். நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளின் 14 ஜிபி ரா கோப்புகளை ஏற்ற ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லடாக்கில் பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம்கள் வேலை செய்வதில்லை, போஸ்ட்பெய்ட்தான் எடுக்கும். கூகுள் ஃபோட்டோஸ் வரம்பின்றி இலவசமாக வைத்துக்கொண்ட காலமும் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அன்றன்று எடுத்தவற்றில் சிறந்த இருபது ஜேபெக் படங்களை மட்டும் இரவில் ஏற்றிவிடுவது நடக்கக்கூடிய காரியம். கையிலிருக்கும் எல்லாப் பைகளும் போனாலும் அந்த இருபது எஞ்சும்.

பென் டிரைவ் கைக்கு எளிது, விலையும் குறைவு. பெரும்பாலானவை எழுதுவதில் மெதுவானவை என்பதால் முதன்மைப் பிரதிக்கு ஆகாது.

குளிர் கார்டைவிடப் பேட்டரியைத்தான் முதலில் தாக்கும். பல எஸ்டி கார்டுகள் மைனஸ் 25 டிகிரி வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. வெளிக்குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவின் மேல் நீர் படிவதுதான் ஆபத்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். விமான நிலைய எக்ஸ்ரே கார்டையோ எஸ்எஸ்டியையோ கெடுப்பதில்லை. ஆனாலும் அவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பவர் பேங்க் எடுத்துச் சென்றால் அதுவும் கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் போட அனுமதி இல்லை.

தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டாலோ ஃபார்மேட் செய்துவிட்டாலோ உடனே அந்தக் கார்டை வெளியே எடுத்து ஒதுக்கி வைக்க வேண்டும். அழித்தவுடன் படம் மறைந்துவிடுவதில்லை, அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். மேலே புதிய படம் பதியாதவரை ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம். அழித்த பிறகு அதே கார்டில் எடுக்கும் ஒவ்வொரு படமும் பழையது ஒன்றின் இடத்தைப் பிடிக்கும்.

ஊர் திரும்பியதும் எஸ்எஸ்டியில் இருப்பவை வீட்டுக் கணினிக்கும், அங்கிருந்து தனியாக வைத்திருக்கும் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கும் போக வேண்டும். வீட்டில் ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் வேலைக்கு ஹார்ட் டிஸ்க் நல்ல சாதனம். அந்தப் பிரதிகளைத் திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை பயணக் கார்டுகளை ஃபார்மேட் செய்ய வேண்டாம். செய்யும்போதும் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.