நிலாவில் கொடி நட்டால் நிலா சொந்தமா?

நிலத்தை அளந்தால் சர்வே கல் நடுகிறோம். கல்லுக்கு இந்தப் பக்கம் நம் நிலம். அந்தப் பக்கம் பக்கத்துக் காட்டுக்காரர் நிலம். கல்லைப் பார்த்தாலே எல்லை தெரிந்துவிடும்.

நிலாவில் சில நாடுகள் தங்கள் கொடியை வைத்திருக்கின்றன. அந்தக் கொடியும் சர்வே கல் மாதிரிதானா? கொடி நட்ட நாட்டுக்கு நிலா சொந்தமாகிவிடுமா? வாருங்கள், பார்ப்போம்.

முதலில் போன சின்னம்

நிலாவுக்கு முதலில் போனது மனிதன் அல்ல. ஒரு விண்கலம். அதன் பெயர் லூனா-2. அதை அனுப்பியது சோவியத் நாடு. 1959 செப்டம்பரில் அது நிலாவில் மோதி விழுந்தது. உள்ளே ஆள் இல்லை. ஆனால் ஓர் உலோக உருண்டை இருந்தது. சிறுசிறு தகடுகளால் ஆன உருண்டை. தகடுகளில் சோவியத் நாட்டின் சின்னம் பொறித்திருந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து மனிதன் போனான். 1969 ஜூலை மாதம். அமெரிக்காவின் அப்போலோ-11 விண்கலத்தில் மூன்று வீரர்கள் போனார்கள். நீல் ஆம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின் இருவரும் நிலாவில் இறங்கினார்கள். மைக்கேல் காலின்ஸ் மேலே கலத்தில் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். இறங்கிய இருவரும் அமெரிக்கக் கொடியை நட்டார்கள்.

காற்று இல்லை, கொடி எப்படி விரிந்தது?

நம் ஊரில் காற்று வீசினால் கொடி பறக்கும். நிலாவில் காற்றே கிடையாது. வெறும் கம்பத்தில் கட்டினால் கொடி துவண்டு தொங்கும். அதனால் கொடியின் மேல் ஓரத்தில் ஒரு குறுக்குக் கம்பியைச் செருகினார்கள். திரைச்சீலையைக் கம்பியில் மாட்டுவது போல.

அந்தக் கம்பி முழுவதும் நீளவில்லை. அதனால் துணியில் சுருக்கம் விழுந்தது. படத்தில் பார்த்தால் கொடி பறப்பது போலத் தெரியும். அது காற்று அல்ல, சுருக்கம்தான்.

நிலாவின் மண் மேலே தூளாக இருந்தது. கீழே இறுகிக் கிடந்தது. கம்பம் சில அங்குலம்தான் இறங்கியது. வீரர்கள் திரும்பிக் கிளம்பியபோது கலத்திலிருந்து வேகமாகப் புகை பாய்ந்தது. அந்த வேகத்தில் கொடி சாய்ந்ததை ஆல்ட்ரின் பார்த்தார்.

1972 வரை 12 பேர் நிலாவில் நடந்தார்கள். மொத்தம் 6 கொடிகள் நட்டார்கள். நிலாவைச் சுற்றி வரும் ஒரு விண்கலம் பிறகு படம் எடுத்தது. மூன்று இடங்களில் கொடியின் நிழல் தெரிந்ததாக 2012-ல் சொன்னார்கள். ஆனால் அங்கே வெயில் மிகக் கடுமை. நைலான் துணியின் சாயம் வெளுத்திருக்கும் என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள்.

நிலா யாருக்குச் சொந்தம்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கொடி நட்டதால் நிலா அமெரிக்காவுக்குச் சொந்தமா?

இல்லை.

கொடி நடுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1967-ல், உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. நிலாவை எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. அமெரிக்கா கையெழுத்துப் போட்டது. சோவியத் நாடும் போட்டது. அதே ஆண்டில் இந்தியாவும் போட்டது. இன்று 100-க்கும் அதிகமான நாடுகள் அதில் இருக்கின்றன.

எந்தக் கொடியை நடுவது என்று அமெரிக்காவிலேயே பேச்சு எழுந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் கொடியை நடலாமா என்றும் யோசித்தார்கள். கடைசியில் தங்கள் நாட்டுக் கொடியையே நட்டார்கள். இது பெருமைக்காக நட்ட கொடி, உரிமை கேட்க நட்டது அல்ல என்று 1969-லேயே சட்டத்திலும் எழுதி வைத்தார்கள்.

அந்த வீரர்கள் ஒரு தகட்டையும் விட்டு வந்தார்கள். மனித குலம் முழுவதற்காகவும் அமைதியோடு வந்தோம் என்று அதில் எழுதியிருந்தது. 73 நாட்டுத் தலைவர்களின் வாழ்த்தைப் பொடி எழுத்தில் பதித்த ஒரு சிறு வில்லையும் அங்கே இருக்கிறது. அதில் அப்போதைய நம் பிரதமர் இந்திரா காந்தியின் வாழ்த்தும் உண்டு.

ஊர்ப் பொதுக்குளத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுக்கலாம். முதலில் குடம் வைத்தவருக்குக் குளம் சொந்தமாகுமா? ஆகாது. நிலாவும் அப்படித்தான்.

நம் மூவர்ணம்

2008 அக்டோபரில் இந்தியா சந்திரயான்-1 விண்கலத்தை அனுப்பியது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது கிளம்பியது. அதில் ஒரு பெட்டி இருந்தது. பெட்டியின் பக்கங்களில் நம் மூவர்ணக் கொடி தீட்டியிருந்தது. நிலாவில் விழும்படி ஒரு பெட்டியை அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர் அப்துல் கலாம். 2008 நவம்பர் 14 அன்று அந்தப் பெட்டி நிலாவின் தென் முனைப் பக்கம் போய் விழுந்தது.

2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாகத் தரை இறங்கியது. அதிலிருந்து ஒரு சிறு வண்டி உருண்டு வந்தது. ரூபாய் நோட்டில் சிங்க முத்திரை பார்க்கிறோம் அல்லவா? அந்த முத்திரை அதன் சக்கரத்தில் இருந்தது. வண்டி போகும் வழியில் முத்திரை பதிய வேண்டும் என்பது எண்ணம். ஆனால் தெளிவாகப் பதியவில்லை. அங்கே மண் தூளாக இல்லை, கட்டி கட்டியாக இருந்தது. பதியாத முத்திரையும் அந்த மண்ணைப் பற்றி ஒரு செய்தி சொன்னது!

சீனாவும் கொடி வைத்திருக்கிறது. 2024-ல் நம் கண்ணுக்குத் தெரியாத நிலாவின் மறுபக்கத்தில் ஒரு கொடியை விரித்தது. கல்லை உருக்கி, நூலாக இழுத்து நெய்த கொடி அது. வெயிலையும் குளிரையும் தாங்குவதற்காக அப்படிச் செய்தார்கள்.

இன்னும் தீராத கேள்வி

நிலாவின் தென் முனைப் பக்கம் பனிக்கட்டியாகத் தண்ணீர் இருக்கிறது. அங்கே போய்த் தங்கப் பல நாடுகள் விரும்புகின்றன. நிலம் யாருக்கும் சொந்தம் இல்லை, சரி. அங்கே தோண்டி எடுக்கும் பொருள்? எடுப்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கா சொல்கிறது. அதைப் போன்ற கருத்துள்ள ஓர் உடன்பாட்டில் 2023-ல் இந்தியாவும் சேர்ந்தது. சீனாவும் ரஷ்யாவும் அதில் சேரவில்லை. பணமும் கருவியும் உள்ள நாடுகள் மட்டும் அள்ளிக்கொண்டால், மற்றவர்களின் பங்கு என்ன? இதற்கு எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட விடை இன்னும் வரவில்லை.

ஏமாற வேண்டாம்

நிலாவில் மனை விற்கிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அழகான தாளில் பெயரை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் பணம் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. அந்தத் தாள் பட்டா ஆகாது. எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாத நிலத்தை யார் விற்க முடியும்?

உள்ளூர் மனைக்கும் இது பொருந்தும். விற்பவருக்கு அதில் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று வாங்கிப் படியுங்கள். படித்த பிறகு பணம் கொடுங்கள்.

கொடி நட்டவர் நாங்கள் வந்தோம் என்று சொல்லலாம். இது எங்களுடையது என்று சொல்ல முடியாது. நாம் முற்றத்தில் நின்று பார்க்கும் நிலாவில் நமக்கும் பங்கு உண்டு.

கூடிப் பேசுங்கள்

1. நிலாவில் கொடிக்குக் குறுக்குக் கம்பி எதற்கு?
2. 1967 ஒப்பந்தத்தின் முக்கிய விதி என்ன?
3. உங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவானவை எவை? அவற்றை யார் காக்கிறார்கள்?