புது மோட்டார் சைக்கிளில் "டடக்" சத்தம்!

புது மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வந்து விட்டது. மாலை போட்டாகி விட்டது. சந்தனம், குங்குமம் வைத்தாகி விட்டது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம் பழமும் தயார்.

மகன் ஏறி உட்கார்ந்தான். என்ஜினை ஓட விட்டான். கிளச்சைப் பிடித்தான். காலால் கியரை மிதித்தான்.

"டடக்!"

அம்மா பதறிப் போனாள்.

"என்னடா இது? புது வண்டியிலே இப்படிச் சத்தம் வருது! கடனை வாங்கி உடைஞ்ச வண்டியையா ஓட்டிக்கிட்டு வந்தே?"

மகனின் முகம் வாடி விட்டது. மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் பூனை போல் போகிறது. நம் வண்டி மட்டும் ஏன் இப்படி?

புது வண்டி வாங்கும் பல வீடுகளில் நடக்கும் காட்சிதான் இது. அவசரப்பட்டு, கண்ட இடத்தில் என்ஜினைப் பிரித்து விடுகிறவர்களும் உண்டு. பிறகு கம்பெனியிடம் போனால், "வெளியில் பிரித்து விட்டீர்களே!" என்று கையை விரித்து விடுவார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

கியர் பெட்டிக்குள் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. ஒன்று, என்ஜினின் சுழற்சியை வாங்குகிறது. மற்றொன்று, அதைச் சங்கிலி வழியாகப் பின் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. தண்டுகளின் மேல் ஜோடி ஜோடியாகப் பல் சக்கரங்கள். இந்த ஜோடிகள் எப்போதும் ஒன்றோடு ஒன்று கோத்துக் கொண்டே இருக்கும்.

அப்படியானால், கியர் மாற்றும்போது மாறுவது எது?

பல் சக்கரங்களின் பக்கவாட்டில் தடித்த சில இரும்புப் பற்கள் துருத்திக் கொண்டு இருக்கும். நாம் மிதித்ததும் ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகரும். அதன் பற்கள் அடுத்த சக்கரத்தின் பள்ளங்களில் போய் விழும். ஆங்கிலத்தில் இந்தப் பற்களுக்கு "டாக்" என்று பெயர். அதாவது நாய்! கவ்வினால் விடாது.

வண்டி நியூட்ரலில் நிற்கிறது. என்ஜின் பக்கத் தண்டு சுழல்கிறது. சக்கரத்துப் பக்கத் தண்டு சும்மா நிற்கிறது. சுழல்வது நிற்பதைக் கவ்வுகிறது. ஓடும் பஸ்சில் தொத்தி ஏறுகிறவனுக்கு ஒரு குலுக்கல் கிடைக்கும் அல்லவா? அது போலத்தான். இரும்பு இரும்பில் மோதுகிறது. அதுதான் "டடக்!"

காரிலும் கியர் இருக்கிறது. அதில் இந்தச் சத்தம் இல்லையே? கவ்வுவதற்கு முன்னால் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க, காரில் தனியாக ஒரு வளையம் உண்டு. 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் இந்த ஏற்பாடு வந்தது. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் அந்த வளையம் கிடையாது. பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் கியரே இல்லை. பெல்ட்தான் ஓடுகிறது. அது பூனை போல் போவதில் என்ன அதிசயம்?

காலையில்தான் அதிகம்

"கிளச்சைப் பிடித்து விட்டேனே, தண்டு நின்றிருக்க வேண்டாமா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

கிளச்சின் தட்டுகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கின்றன. சமையல் அறையில் ஈரத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒட்டிக் கொள்ளும். இதுவும் அப்படித்தான். கிளச்சைப் பிடித்த பிறகும் தட்டுகள் கொஞ்ச நேரம் ஒட்டிக் கொண்டு தண்டை இழுக்கும். விடியற்காலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். அப்போது என்ஜினும் வேகமாக ஓடும். அதனால் காலையில் போடும் முதல் கியர்தான் அதிகச் சத்தம் போடும்.

இதற்கு வழி சுலபம். என்ஜினைக் கொஞ்சம் சூடாக விடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். கிளச்சை முழுவதும் பிடியுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பிறகு கியரை அழுத்துங்கள். சத்தம் பாதியாகக் குறைவது காதுக்கே தெரியும். பைசா செலவு இல்லை!

ஓடும்போதும் அப்படியே. ஆக்சிலேட்டரை மூடி, கிளச்சை முழுவதும் பிடித்து, கியரைக் கடைசி வரை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். சத்தத்துக்குப் பயந்து சிலர் தடவிக் கொடுப்பது போல் அழுத்துகிறார்கள். அது ஆபத்து. கியர் பாதியில் நின்று விடும். என்ஜின் அலறும்; வண்டி போகாது. பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும்? சத்தம் வந்தாலும் பரவாயில்லை, கியர் முழுவதும் விழ வேண்டும். விழுந்ததும் காலை எடுத்து விட வேண்டும். லிவரின் மேலேயே காலை வைத்துக் கொண்டு ஓட்டக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

சமதரையில் முதல் கியர் போட்டு, கிளச்சை முழுவதும் பிடித்துப் பாருங்கள். வண்டி முன்னால் இழுக்கிறதா? நியூட்ரல் விழ மறுக்கிறதா? கிளச் கேபிள் அதிகமாகத் தளர்ந்து இருக்கலாம். அதைச் சரி செய்வது சில நிமிட வேலை.

அடுத்தது சங்கிலி. அது தொங்கினால் ஒவ்வொரு கியருக்கும் "சடக்" என்று அடிக்கும். பல வண்டிகளில் 20 முதல் 35 மில்லி மீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம். உங்கள் வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவே சரியான அளவு. ஒரேயடியாக இறுக்கினாலும் கெடுதல்தான்.

என்ஜினை ஓட விட்டுச் சங்கிலியைத் துடைக்கவே கூடாது! துணி சிக்கும். கூடவே விரலும் போகும். கண் மூடித் திறப்பதற்குள் விரலை இழந்தவர்கள் உண்டு. என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைக்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் தாத்தாக்கள் வேறு கதை சொல்வார்கள். சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது 1955-ல். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில் இருந்தது. கியர் பெட்டியும் தனி. அதற்கு எண்ணெயும் தனி. இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் ஒரே எண்ணெய்தான் என்ஜினுக்கும், கிளச்சுக்கும், கியருக்கும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று கார் எண்ணெயை ஊற்றினால் கிளச் வழுக்கலாம். டப்பாவில் "ஜாசோ எம்.ஏ." அல்லது "எம்.ஏ.2" என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

புதுப் பற்களின் ஓரம் ஓட ஓடத்தான் பதம் பெறும். முதல் சர்வீசைப் பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோ மீட்டருக்குள் செய்யச் சொல்லுவார்கள். அப்போது வடிக்கும் எண்ணெயில் மிக நுண்ணிய இரும்புத் தூள் மினுக்கும். பயப்பட வேண்டாம். உதிர வேண்டியது உதிர்ந்து இருக்கிறது. அந்த எண்ணெயை மாற்றிய பிறகு பல வண்டிகளில் கியர் இதமாகி விடும்.

எது கெட்ட சத்தம்?

"டக்" என்று ஒரு முறை வந்து நின்றால் அது வண்டியின் குணம். "கரகர" என்று அரைத்தால் கோளாறு. போட்ட கியர் தானாகக் கழன்று விழுந்தாலும் கோளாறு. ஓட ஓட ஊளை இடும் சத்தம் நாளுக்கு நாள் கூடினாலும், வடித்த எண்ணெயில் இரும்புத் துண்டுகள் கிடந்தாலும் கோளாறுதான். இதற்கெல்லாம் உத்தரவாதம் இருக்கும்போதே கம்பெனி ஒர்க் ஷாப்புக்குப் போய் விட வேண்டும். "சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கியரில், எந்த வேகத்தில், குளிர்ந்து இருக்கும்போதா, சூடான பிறகா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு போவது நல்லது.

அந்த மகனும் முதல் சர்வீஸ் முடித்து வந்தான். எண்ணெய் மாற்றினார்கள். கேபிளைச் சரி செய்தார்கள். மறுநாள் காலை அம்மா வாசலில் கோலம் போட்டுக் கொண்டு இருந்தாள். மகன் கிளச்சைப் பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று...

சின்னதாக ஒரு "டக்." அம்மா தலை நிமிரவில்லை.