பழுது பேட்டரியிலா, சார்ஜரிலா?

மக்காச்சோளத்தில் படைப்புழு சிறிதாக இருக்கும்போதே குருத்துக்குள் மருந்து இறங்க வேண்டும். பெருத்துவிட்டால் கழிவால் குருத்தை அடைத்துக்கொண்டு உள்ளே பத்திரமாக இருந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் பேட்டரி தெளிப்பான் அரை டேங்க் அடிப்பதற்குள் நின்றுபோகும். உடனே புது பேட்டரி வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை என்றால், கோளாறு சார்ஜரில் இருக்கிறது.

சார்ஜரைப் பிரிக்கும் முன் வயரைப் பார்க்க வேண்டும். சுருட்டிச் சுருட்டி வைப்பதால் பின்னை ஒட்டிய இடத்தில் உள்கம்பி அறுந்திருக்கும். மேலுறை மட்டும் நன்றாகத் தெரியும். தெளிப்பானில் சார்ஜர் செருகும் துளைக்குள் மருந்துத் தண்ணீர் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலும் சார்ஜ் ஏறாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பாதிப் பழுது இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது மல்டிமீட்டர். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுதாக ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். 11.8-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. காலியான பேட்டரியில் சார்ஜரை மாட்டினால் வோல்ட் மெல்ல ஏறி 13.8 முதல் 14.4 வரை போக வேண்டும். பல மணி நேரம் ஆகியும் நகரவில்லை என்றால் சார்ஜரைச் சந்தேகிக்கலாம். சில நிமிடங்களிலேயே 14-ஐத் தொட்டு, பம்பை ஓட்டியதும் சரிந்தால் பேட்டரிதான் போய்விட்டது. பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் அளக்க வேண்டாம். சில வகைகள் அப்போது எதுவும் காட்டாது. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, இதன் சார்ஜரை அதற்கு மாட்டவும் கூடாது.

பழைய சார்ஜருக்குள் பெரும்பாலும் கெட்டுப்போவது, சிறிய டப்பா போன்ற கெப்பாசிட்டர். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் காய்ந்து, தலைப்பகுதி உப்பிவிடும். தகரக் கொட்டகையில் வெயில் நேரத்தில் சார்ஜ் போட்டால் இது சீக்கிரமே வரும். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி என்று அச்சிட்டதாக வாங்க வேண்டும். பக்கவாட்டில் கோடு போட்ட கால் நெகடிவ். திருப்பி வைத்தால் வெடிக்கும்.

ஆனால் மூடியைத் திறப்பது எல்லோருக்குமான வேலை இல்லை. 230 வோல்ட் மின்சாரம் உள்ளே போய் 325 வோல்ட் நேர்மின்சாரமாகப் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் தொட்டு இறக்குவது ஆபத்து. ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர்கள் ரெசிஸ்டர் வைத்து இறக்குவார்கள். அவர்களிடமே கொடுப்பது நல்லது. சரிசெய்த சார்ஜரை நேரடியாக மின்சாரத்தில் போடாமல், 100 வாட் குண்டு பல்பை வரிசையில் இணைத்துச் சோதிக்கச் சொல்லலாம். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது.

திருகு இல்லாமல் ஒட்டியே மூடிய மலிவுச் சார்ஜர்களுக்கு இந்தச் செலவு வீண். அதே வோல்ட், அதே ஆம்பியரில் புதியது வாங்கிவிடலாம். மருந்து அடிக்கும் வேலை இல்லாத மாதங்களில் பேட்டரியைக் காலியாக மூலையில் போட்டுவிடாமல், மாதம் ஒருமுறை முழுதாக ஏற்றி வைக்க வேண்டும்.